மொழிபெயர்க்காமல் விட்ட வசனம்

போன கிழமை குசினியில நிக்கேக்க, எங்களோட புதுசா வேலைக்கு வந்த பெடியன் ஒருத்தன் கேட்டான்: "அண்ணை, ஹொஸ்பிஸ் எண்டால் சாகிறதுக்குக் கொண்டுபோய் விடுற இடம்தானே?"

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. சிங்க் நிறையக் கோப்பையள். ஓர்டர் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்துகொண்டிருக்கு. அவன்ர மாமிக்கு ஆஸ்பத்திரியில இருந்து கடிதம் வந்திருக்காம். அதில அந்தச் சொல் இருக்காம். வீட்டில எல்லாரும் அழுதுகொண்டிருக்கினமாம்.

"இல்லையடா, பிறகு சொல்லுறன்" எண்டு போட்டு நான் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினன். பிறகு சொல்ல ஏலேல்ல. வேலை முடியப் பன்னிரண்டரை. அவன் கடைசி ரெயினுக்கு ஓடிட்டான். நான் இரவு பஸ்ஸில வரேக்க யோசிச்சன், இது ஒரு வரியில சொல்லுற விசயமில்லை எண்டு. கன வருசமா எழுதவேணும் எண்டு நினைச்சு எழுதாமல் விட்ட விசயமும் இதுதான். நேரமில்லாததாலதான் எழுதேல்ல எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான். உண்மை அதில்லை. வெக்கம்.

இஞ்ச புதுசா வாசிக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் என்னைப் பற்றி. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில விஞ்ஞான பீடத்தில இரண்டாம் வருசம் வரைக்கும் படிச்சனான். 2006 ஓகஸ்டில ஏ9 பாதை பூட்டினதுக்குப் பிறகு யாழ்ப்பாணம் எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும். படிப்பு அதோட சரி. 2008இல லண்டன். அண்டைக்குத் தொடங்கின குசினி வேலை இண்டைக்கும் குசினி வேலைதான். கோப்பை கழுவினதில இருந்து கறிச் சட்டிக்கு முன்னால வந்திருக்கிறன், அவ்வளவுதான் முன்னேற்றம்.

ஆனால் அந்த இரண்டு வருசப் படிப்பால ஒரு கரைச்சல் இருந்தது. வேலை செய்யிற இடத்திலயும் இருக்கிற வீட்டிலயும் வாற இங்கிலிஸ் கடிதம் எல்லாம் என்னட்டத்தான் வரும். ஹோம் ஒஃபிஸ் கடிதம், கவுன்சில் கடிதம், டொக்டரின்ர கடிதம். "தம்பி கம்பசில படிச்சவன்" எண்டு சொல்லித் தருவினம். நானும் மாட்டன் எண்டு சொல்லுறேல்ல. உண்மையைச் சொன்னால், அதில எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

*

எங்கட குசினியில ஒரு அண்ணை இருந்தவர். பேர் வேண்டாம். எல்லாரும் பெரியவர் எண்டுதான் சொல்லுறது. வன்னி ஆள், முல்லைத்தீவுப் பக்கம். 2011இல இஞ்ச வந்து, பிறகு மனிசியையும் மகளையும் எடுத்தவர். மூத்த பெடியன் 2009 மே மாசத்துக்குப் பிறகு இல்லை. செத்திட்டான் எண்டும் சொல்லேலாது, இருக்கிறான் எண்டும் சொல்லேலாது. எங்கட சனத்தில எத்தினை வீட்டில இந்தக் கதை இருக்கு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2018 தொடக்கத்தில பெரியவருக்கு வயித்து நோ. கடையில விக்கிற காஸ் மருந்தைக் குடிச்சுக் குடிச்சு வேலைக்கு வந்தவர். பிறகு முதுகுக்கும் பாய்ஞ்சிட்டுது. உடம்பு வத்திக்கொண்டு வந்தது. மார்ச் மாசம் ஸ்கான் எடுத்து, பெரிய டொக்டரிட்டப் போகச் சொல்லிச்சினம். அக்கா என்னையும் வரச் சொன்னா. ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யலாம் எண்டு கடிதத்தில இருந்தது. "எதுக்குத் தம்பி பிற ஆக்கள்? நீர் வந்தால் காணும்" எண்டா.

டொக்டர் ஒரு பெண். கதிரையை இழுத்துப் பக்கத்தில வந்து இருந்தா. கணையத்தில புற்றுநோய், ஈரலுக்கும் போயிட்டுது, ஒப்பிரேசன் செய்யேலாது, சுகப்படுத்தவும் ஏலாது எண்டு மெதுவாச் சொன்னா. காலத்தைச் சரியாச் சொல்லேலாது, ஆனால் வருசக்கணக்கில இல்லை, மாசக்கணக்கில எண்டா. பிறகு பெரியவரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு என்னட்டச் சொன்னா: "இந்தக் காலத்தில அவருக்கு எது முக்கியம் எண்டு கேளுங்கோ."

அக்காவுக்கு இங்கிலிஸ் பெரிசா விளங்காது. ஆனால் கான்சர் எண்ட சொல் விளங்கும். மேசைக்குக் கீழால என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. "உதைச் சொல்லாத தம்பி. உடைஞ்சு போயிடுவார்."

நான் பெரியவரைப் பாத்துச் சொன்னன்: "அண்ணை, வயித்தில ஒரு கட்டி இருக்காம். மருந்து தருவினமாம். சுகம் வரக் கொஞ்சக் காலம் எடுக்குமாம்."

டொக்டர் மூண்டு நிமிசம் கதைச்சதை நான் பத்து செக்கனில சொல்லி முடிச்சன். கேள்வியைக் கேக்கவேயில்லை. பெரியவர் என்னைப் பாத்தார், டொக்டரைப் பாத்தார், திரும்ப என்னைப் பாத்தார். "சரி தம்பி" எண்டார். டொக்டருக்கு நான் திரும்பிச் சொன்னது: "அவருக்கு விளங்கீட்டுதாம். குடும்பம்தான் முக்கியமாம்." அவர் வாயே திறக்கேல்ல. அந்தப் பதிலும் நான் செய்த பதில்தான்.

*

அடுத்த கிழமை ஒரு கடிதம். 'பாலியேற்றிவ் கெயார்' ஆக்கள் வீட்டுக்கு வந்து பாப்பினம் எண்டு. தமிழில இதுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு, வலி தணிப்புச் சிகிச்சை எண்டு சொல்லுகினம். அக்கா வேண்டாம் எண்டிட்டா. "அது கைவிட்ட ஆக்களுக்கு. அவையள் வந்தால் இவர் கெதியாப் போயிடுவார்" எண்டா. நானும் ஓம் எண்டு தலையாட்டி, ரெலிபோன் எடுத்து, இப்ப தேவையில்லை எண்டு சொன்னனான்.

பிறகு வாசிச்சு அறிஞ்சதை இதில எழுதுறன். 2010இல அமெரிக்காவில, பொஸ்ரனில இருக்கிற மசாசுசெற்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில ஜெனிஃபர் ரெமெல் எண்ட டொக்டரும் கூட்டாளியளும் ஒரு ஆய்வு வெளியிட்டவை. நுரையீரல் புற்றுநோய் முத்தின நிலையில கண்டுபிடிச்ச 151 பேர். பாதிப் பேருக்கு வழமையான வைத்தியம். மற்றப் பாதிக்கு அதே வைத்தியத்தோட தொடக்கத்தில இருந்தே பாலியேற்றிவ் கவனிப்பும். இரண்டாவது கூட்டத்துக்கு மனச்சோர்வு குறைவு, வாழ்க்கைத் தரம் கூட. கடைசிக் காலத்தில கடுமையான வைத்தியம் எடுத்ததும் குறைவு. அப்பிடி இருந்தும் அவைதான் கூடக் காலம் இருந்தவை. இடைநிலைக் கணக்கில 11.6 மாசம். மற்றவை 8.9 மாசம்.

ஒரு ஆய்வை வைச்சு எல்லா வருத்தத்துக்கும் இப்பிடித்தான் எண்டு சொல்லேலாது. ஆனால் 'அவையள் வந்தால் கெதியாப் போயிடுவார்' எண்டு நாங்கள் சொன்னது பிழை எண்டு சொல்ல இது காணும்.

*

ஏப்ரல் நடுப்பகுதியில நோ தாங்கேலாமல் போச்சுது. இரவில பெரியவர் குப்புறப் படுக்க ஏலாமல், நிமிந்து படுக்க ஏலாமல், கதிரையில முன்னுக்குச் சரிஞ்சு தலையணையைக் கட்டிப்பிடிச்சபடி இருப்பார். குடும்ப டொக்டர் மோர்பின் தண்ணி மருந்து எழுதினார். போத்தல் வந்தது. அக்கா அதை அலுமாரியில சீலைக்கு அடியில ஒளிச்சு வைச்சா.

மோர்பின் எண்டால் எங்கட சனத்துக்கு ஒண்டு, போதைமருந்து. இல்லாட்டி, கடைசி ஊசி. பெரியவருக்கு இன்னொண்டும் இருந்தது. 2009இல வன்னியில ஆஸ்பத்திரி எண்டு சொல்லி இயங்கின பள்ளிக்கூடங்களில, மயக்க மருந்துக்கும் நோ மருந்துக்கும் எவ்வளவு தட்டுப்பாடு இருந்தது எண்டு பாத்த ஆள். ஆருக்காவது அந்த மருந்து கிடைச்சால், அந்த ஆள் தப்ப மாட்டுது எண்டு அர்த்தமாம். அவர் கண்ணால கண்டது அது. அவரிட்டப் போய் "இது நல்ல மருந்து அண்ணை" எண்டு ஆர் சொல்லுறது?

கடைசியா அக்காவே சொன்னா, அந்த நேர்சை வரச் சொல்லு எண்டு. வந்தவா ஒரு நடுத்தர வயசு ஆபிரிக்கப் பெண். ஹொஸ்பிசில இருந்து வீடு வீடாப் போற நேர்ஸ். சப்பாத்தைக் கழட்டிப் போட்டு உள்ள வந்தா. அதிலயே அக்காவுக்கு அரைவாசி மனம் இளகீட்டுது.

அவா சொன்னது: நோ வந்தாப் பிறகு மருந்து குடுக்கிறது பிழை. நோ வரமுதல், மணிக்கூட்டைப் பாத்துக் குடுக்கவேணும். நோ திரும்ப வரும், வரும் எண்டு பயந்துகொண்டிருந்தால் அந்தப் பயமே நோவைக் கூட்டும். சின்ன அளவில தொடங்கி, பாத்துப் பாத்துக் கூட்டினால் மூச்சு நிக்காது. புற்றுநோவுக்கு இப்பிடிக் கவனமாப் பாத்துக் குடுக்கிறது போதைக்கு அலையிற மாதிரி இல்லை. மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதுக்கு முதல் நாளே மருந்து தொடங்கவேணும். 'மோர்பின் எழுதிற கை பேதி மருந்தையும் எழுதவேணும்' எண்டு சொல்லிச் சிரிச்சா. பெரியவரும் சிரிச்சார். கனநாளைக்குப் பிறகு.

இந்த மணிக்கூட்டு முறைக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கிறா. சிசிலி சோண்டர்ஸ். 1918இல பிறந்தவா. முதல் நேர்ஸ். முதுகு வருத்தத்தால அந்த வேலையைச் செய்யேலாமல் போக, ஆஸ்பத்திரியில நோயாளியளின்ர குடும்பப் பிரச்சினையளைப் பாக்கிற சமூக சேவை வேலைக்கு வந்தவா. சாகிற ஆக்களை டொக்டர்மார்தான் கைவிடுகினம், அதால நீர் டொக்டருக்குப் படியும் எண்டு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சொல்ல, முப்பது வயசுக்குப் பிறகு திரும்பப் படிக்கப் போய் 1957இல டொக்டரா வெளியில வந்தவா. 1958இல இருந்து கிழக்கு லண்டன் ஹக்னியில சென்ற் ஜோசப்ஸ் ஹொஸ்பிசில வேலை. அங்க கன்னியாஸ்திரியள் பாத்துக்கொண்டிருந்த நோயாளியளுக்கு மணிக்கணக்குப்படி வாயால மோர்பின் குடுத்து, ஒவ்வொருத்தரின்ர விபரத்தையும் எழுதி வைச்சா. ஆயிரத்துக்கு மேல. 1967இல தெற்கு லண்டன் சிடனத்தில சென்ற் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிசைத் திறந்தா. கவனிப்பு, ஆராய்ச்சி, படிப்பிக்கிறது மூண்டும் ஒரே கூரைக்குக் கீழ. அதுதான் இண்டைக்கு உலகம் முழுக்க இருக்கிற ஹொஸ்பிசுகளுக்கு முன்மாதிரி.

*

மருந்து தொடங்கி ஒரு கிழமை நல்லா இருந்தது. பெரியவர் இரவில படுத்தார். பிறகு திரும்பவும் நோ. அளவைக் கூட்டிச்சினம். கேக்கேல்ல. திரும்பக் கூட்டிச்சினம். "எங்க நோகுது?" எண்டு நேர்ஸ் கேட்டால், "எல்லா இடமும்" எண்டுவார். நான் அதை அப்பிடியே மொழிபெயர்த்தன். (இதையாவது ஒழுங்காச் செய்தன்.)

அவா பேனையை மூடிப்போட்டு என்னைப் பாத்தா. "அடுத்த முறை நான் ரெலிபோனில மொழிபெயர்ப்பாளரை வைச்சுக் கதைக்கப் போறன். நீங்களும் குடும்பமும் வெளியில இருங்கோ. உங்களில பிழையில்லை. ஆனால் நீங்கள் அவரில அன்பான ஆள். அன்பான ஆக்களால சில கேள்வி கேக்கேலாது." எனக்குக் கோபம் வந்தது. கம்பசில படிச்சவனுக்கு வந்த கோபம்.

அந்த நாள் நான் கொரிடோரில நிண்டனான். கதவு முழுக்கப் பூட்டேல்ல. ஸ்பீக்கரில ஒரு தமிழ்ப் பெண்ணின்ர குரல். தமிழ்நாட்டுத் தமிழ். எந்த ஊரில இருந்து கதைச்சாவோ தெரியாது. ஒண்டையும் கூட்டாமல், ஒண்டையும் குறைக்காமல், அண்டைக்கு டொக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டா: "ஐயா, இந்தக் காலத்துல உங்களுக்கு எது முக்கியம்னு கேக்கறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு பெரியவர் சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளை. முதல் நாளே தெரியும். அந்த டொக்டரின்ர முகத்தைப் பாத்தே விளங்கீட்டுது. தம்பி சொல்லப் பயந்தவன், பாவம். மனிசியும் பயந்து போனா. அதால நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன்."

ஏழு கிழமை. ஒரு வீட்டில மூண்டு பேர் ஏழு கிழமை ஒருத்தருக்கு ஒருத்தர் நடிச்சுக்கொண்டிருந்திருக்கிறம்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதையின்ர நடு. அவரிட்ட ஒரு பச்சை ஃபைல் இருந்தது. மகனைத் தேடிக் குடுத்த மனுக்கள், முறைப்பாட்டு இலக்கங்கள், ஒரு பாஸ்போட் சைஸ் படம். கிளிநொச்சியில 2017 பெப்ரவரியில தாய்மார் ரோட்டோரத்தில கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினாப் பிறகு, ஊரில இருந்த தன்ர தங்கச்சி மூலமா அங்கயும் படம் குடுத்து வைச்சவர். ஆனால் அந்தக் கடைசி நாள் எங்க, என்னண்டு, ஆரோட நிண்டவன், என்ன சேட்டு எண்ட முழு விபரம் அவரின்ர தலைக்குள்ள மட்டும்தான் இருந்தது. மனிசிக்கு அந்த நேரம் காயம், நினைவில்லை. மகள் சின்னப் பிள்ளை. "நான் போனால் அவனும் போயிடுவான். எழுதிக் குடுக்கவேணும். அதுதான் முக்கியம்."

சிசிலி சோண்டர்ஸ் 1960களில இதுக்கு ஒரு பேர் வைச்சவா. 'ரோட்டல் பெயின்', முழுநோ எண்டு சொல்லலாம். உடம்பு நோ, மனநோ, வீடு காசு விசா எண்டு வாற நோ, ஏன் எனக்கு எண்டு ஆன்மா கேக்கிற நோ, எல்லாம் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கும். ஒண்டை மட்டும் பிடிச்சு மருந்து குடுத்தால் மற்றது இழுக்கும். பெரியவருக்குக் கணையத்தில இருந்த நோவுக்கு மோர்பின் கேட்டது. பச்சை ஃபைலில இருந்த நோவுக்கு அது எப்பிடிக் கேக்கும்?

அண்டைக்குப் பின்னேரமே மகள் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில இருந்தவ. அவர் சொல்லச் சொல்ல எழுதினவ. ஆனால் மே மாசம் வந்திட்டுது. அவரால பத்து நிமிசத்துக்கு மேல கதைக்கேலாது. களைப்பு. பேர்கள் மறந்து போகும். தேதி மாறும். சொல்லிக்கொண்டிருக்கேக்க நித்திரையாயிடுவார். நான்கு நாளில மூண்டரைப் பக்கம். அதோட நிண்டிட்டுது. ஆரோட நிண்டவன் எண்ட இடத்தில இரண்டு பேர் இருக்கு. மூண்டாவது பேருக்கு இடம் விட்டிருக்கு. அந்த இடம் இண்டைக்கும் வெறுமையாத்தான் இருக்கு.

மார்ச் மாசம் அவர் எழும்பி நடந்தவர், கதைச்சவர், வேலைக்கு வந்து எங்களோட சண்டை பிடிச்சவர். அந்த ஏழு கிழமையில எத்தினை பக்கம் சொல்லியிருப்பார்? இதுதான் என்ர வெக்கம்.

*

நோ உண்மையாவே குறைஞ்சது. மருந்தின்ர அளவைப் பிறகு கனக்கக் கூட்டவேண்டி வரேல்ல. ஜூன் மாசம் வாந்தி கூடினதால ஹொஸ்பிசுக்குக் கொண்டுபோச்சினம். நான் நினைச்ச மாதிரி அது சாவீடு மாதிரி இருக்கேல்ல. தோட்டம் இருந்தது. ஒரு கிழவி நாயோட வந்து பாத்துப் போனா. பக்கத்து அறையில இருந்த வெள்ளைக்கார மனிசன் இரண்டு கிழமை இருந்து, வாந்தியைக் கட்டுப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்பிடிப் போற ஆக்கள் கனபேர் எண்டு அப்பதான் தெரியும். குடும்பத்திட்ட ஒரு பென்ஸ் காசு கேக்கேல்ல. இந்த நாட்டில ஹொஸ்பிசுகளுக்கு அரசாங்கம் குடுக்கிறது ஒரு பங்குதான். மிச்சம் சனம் குடுக்கிற காசு. ரோட்டில நாங்கள் பழைய கோட்டும் கோப்பையும் வாங்கிற ஹொஸ்பிஸ் கடையள் இருக்கெல்லோ, அந்தக் காசும் அங்கதான் போகுது.

அங்க நடந்த பெரிய சண்டை சாப்பாட்டுச் சண்டை. நான் சாப்பாட்டுக் கடையில வேலை செய்யிறவன், எனக்கே அது விளங்கேல்ல. பெரியவர் வாயைத் திறக்கிறார் இல்லை. அக்கா கஞ்சி வைச்சுக் கொண்டுவந்து கரண்டியால தீத்தப் பாக்கிறா. பிரக்கடிக்குது. "பட்டினி போட்டுக் கொல்லுறியளோ? சேலைன் ஏத்துங்கோ" எண்டு கத்துறா. ரெலிபோன் மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சு டொக்டர் விளங்கப்படுத்தினார். சாப்பிடாததால அவர் சாகேல்ல, சாகிறதால உடம்பு சாப்பாட்டைக் கேக்கேல்ல. உடம்பு ஒவ்வொரு வேலையா நிப்பாட்டிக்கொண்டு வருது. இந்த நேரம் கஞ்சியைத் தீத்தினால் நுரையீரலுக்குள்ள போகும். சேலைன் சில ஆக்களுக்கு உதவும், ஒவ்வொரு ஆளாப் பாத்துத்தான் முடிவெடுக்கிறது, இவருக்கு ஏற்றினால் கால் வீங்கும், சளி கூடும். பிறகு நேர்ஸ் கேட்டா, "அவருக்கு விருப்பமான குடிக்கிற சாமான் என்ன?" எண்டு. இளநி. தமிழ்க் கடையில போய் வாங்கி வந்தம். வாய்க்குப் பூசுற சின்ன மெல்லிய பிரஷை இளநியில நனைச்சு உதட்டையும் நாக்கையும் ஈரமாக்க அக்காவுக்குக் காட்டிக் குடுத்தா. அக்கா அதை மணித்தியாலத்துக்கு ஒருக்கா செய்தா. தீத்திற கைக்கு ஒரு வேலை கிடைச்சிட்டுது.

விழுங்க ஏலாமல் போக, சிரிஞ்ச் டிரைவர் எண்டு ஒரு சின்ன மெசின். பற்றரியில ஓடும். தோலுக்குக் கீழ மெல்லிய ஊசி ஒண்டு, 24 மணித்தியாலத்துக்கும் மருந்து சொட்டுச் சொட்டாப் போகும். கடைசி ஊசி இல்லை அது. வாயால குடிச்ச அதே மருந்துக்கு வேற வழி, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் விடிய நாலு மணிக்குப் போனார். அக்காவும் மகளும் பக்கத்தில. நோ இல்லை. நான் அந்த நேரம் வேலை முடிச்சு வந்து நித்திரை.

*

பிறகுதான் நான் இதுகளை வாசிக்கத் தொடங்கினது. அதில ஒரு கதை என்னை நிப்பாட்டினது. சிசிலி சோண்டர்சுக்கு ஹொஸ்பிஸ் எண்ட எண்ணம் வந்ததே ஒரு நோயாளியாலதான். பேர் டேவிட் ரஸ்மா. போலந்து யூதர், வார்சோவில இருந்து வந்தவர். லண்டனில அவர் செய்த வேலை என்ன தெரியுமோ? ரெஸ்ரோரன்றில வெயிற்றர். குடும்பம் இல்லை, சொந்தம் இல்லை. நாற்பது வயசு. புற்றுநோய். தன்ர வாழ்க்கையால உலகத்துக்கு ஒரு அடையாளமும் மிஞ்சேல்ல எண்ட கவலை அவருக்கு. சோண்டர்ஸ் திரும்பத் திரும்பப் போய்ப் பாத்துக் கதைச்சவா. சாகிற ஆக்களுக்கு எப்பிடி ஒரு இடம் இருக்கவேணும் எண்டு இரண்டு பேரும் யோசிச்சிருக்கினம். 1948 பெப்ரவரியில அவர் செத்தார். சாக முதல் அவாவுக்கு 500 பவுண் விட்டுப்போட்டு, நீங்கள் கட்டப்போற வீட்டில நான் ஒரு யன்னலா இருப்பன் எண்டு சொன்னவராம். அந்த யன்னலைச் சுத்தி ஒரு வீடு கட்ட 19 வருசம் எடுத்தது. அதுதான் சிடனம். 2005இல சோண்டர்ஸ் செத்ததும் அதே வீட்டிலதான்.

ஒரு லீவு நாள் பஸ் ஏறிச் சிடனத்துக்குப் போனன். உள்ள போகேல்ல. ரோட்டில நிண்டு பாத்தன். ஒரு அகதி, கோப்பை தூக்கின மனிசன். அவருக்கு ஒரு ஆள் கிடைச்சது, பக்கத்தில இருந்து கேக்க. பெரியவருக்குக் கேக்க வந்த ஆளை நான் ஏழு கிழமை வாசலில நிப்பாட்டி வைச்சிருந்தனான்.

இதை வாசிக்கேக்க ஊர் ஞாபகம் வராமல் இராது. என்ர பெரியம்மா 2012இல கர்ப்பப்பைப் புற்றுநோயில போனவா. வீட்டில, பனடோலோட. ரெலிபோனில அவா அனுங்கிற சத்தம் கேக்கும். லான்செற் ஆணைக்குழு 2017இல வெளியிட்ட அறிக்கையில இருக்கு: உலகத்தில வருசத்துக்கு மோர்பினுக்குச் சமமான நோ மருந்து 298.5 மெற்றிக் தொன் விநியோகமாகுது. ஏழை நாடுகளுக்குப் போறது அதில 0.1 தொன். மோர்பின் விலை கூடின மருந்தில்லை. பயமும் சட்டமும்தான் விலை. இந்தியாவில 1985 போதைமருந்துச் சட்டத்தால மோர்பின் எடுக்கிறதே பெரும்பாடா இருந்து, 2014இலதான் திருத்தினவை. ஆனால் அதுக்கு முதலே, 1993இல கோழிக்கோட்டில டொக்டர் ராஜகோபாலும் கூட்டாளியளும் தொடங்கின வேலை, கேரளா முழுக்க ஊர்ச்சனமே வீடு வீடாப் போய் நோயாளியைப் பாக்கிற அளவுக்கு வளந்தது. 2008இல கேரள அரசாங்கம் அதுக்கெண்டு கொள்கையே கொண்டுவந்தது. எங்கட தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேக்க 2011இல தீவின்ர ஒரு முனையில இருந்து மற்ற முனைக்குச் சனம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கட்டடத்துக்கு நடந்த சனத்தால, பக்கத்து வீட்டு நோயாளிக்கு நடக்கவும் ஏலும். கோயில் கும்பாபிசேகத்துக்கு இஞ்ச இருந்து போற காசில ஒரு சின்னப் பங்கு காணும். சொல்லிப்போட்டன், ஏசிறவை ஏசுங்கோ.

*

சரி, பெடியனுக்குச் சொல்லவேண்டியது.

ஹொஸ்பிஸ் சாகிற இடம் மட்டும் இல்லை. கான்சருக்கு மட்டும் உரியதும் இல்லை, இருதயம், நுரையீரல், சிறுநீரகம் எண்டு எல்லா வருத்தத்துக்கும் அந்தக் கவனிப்பு இருக்கு. வேளைக்குக் கூப்பிட்டால் வேளைக்கு உதவி. இந்த நாட்டில மொழிபெயர்ப்பாளரைக் கேக்க உனக்கு உரிமை இருக்கு, காசில்லை. வீட்டுப் பிள்ளையளை அந்தக் கதிரையில இருத்தாதை. எல்லாத்தையும் முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லவேணும் எண்டில்லை. சில ஆக்கள் தெரிய விரும்ப மாட்டினம், அதுவும் அவையின்ர உரிமை. ஆனால் தெரிய விருப்பமோ எண்டு அவையிட்டத்தான் கேக்கவேணும், எங்களிட்ட இல்லை.

நேற்று வேலையில இதைத்தான் சொன்னன், இவ்வளவு நீளமா இல்லை. கேட்டுப்போட்டு, "அப்ப செவ்வாய்க்கிழமை அப்பொயின்மென்ருக்கு நீங்கள் வாங்கோ அண்ணை, உங்களுக்கு எல்லாம் தெரியுது" எண்டான்.

வாறன் எண்டன். ஆனால் மொழிபெயர்க்க இல்லை. அதுக்கு ரெலிபோன் போட்டு ஆளை ஒழுங்கு செய்யச் சொல்லிக் குடுத்தன். நான் வெளியில கொரிடோரில நிப்பன். மாமிக்கு என்ன குடிக்க விருப்பம் எண்டு மட்டும் கேட்டு வைக்கச் சொன்னனான்.